கல்லும் குருவியும் ஒரே நாளில்: திருச்சியிலிருந்து ஒரு கோடைப் பயணம்

வீட்டில் ஒருவருக்குக் கல்வெட்டும் சிற்பமும். மற்றவருக்குப் பறவை. மே மாதம், ஊர் திருச்சி, கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இப்படிப்பட்ட ஜோடிகள் பெரும்பாலும் போகிற இடமெல்லாம் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொள்கிறார்கள். கோயிலில் முக்கால் மணி நேரம், குளக்கரையில் முக்கால் மணி நேரம். நியாயமாகத்தான் தோன்றும், ஆனால் இரண்டு பேருக்குமே நஷ்டம். கல்வெட்டுக்காரர் சுவர்முன் நிற்கும்போது வெயில் நேரே அடித்து எழுத்து மறைந்திருக்கும். பறவைக்காரர் குளத்துக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று, பறவைகள் நிழலுக்குள் போய் அடங்கியிருக்கும்.

பங்கு போட வேண்டியது நேரத்தைத்தான். கோடையில் ஒரு நாளில் உருப்படியான நேரம் இரண்டே துண்டு. விடிகாலை 5.45லிருந்து 9 மணி வரை ஒன்று, மாலை நாலிலிருந்து ஆறரை வரை இன்னொன்று. ஒரு துண்டு முழுக்க ஒருவருடையது, அடுத்த துண்டு முழுக்க மற்றவருடையது. நடுப்பகலை இருவரும் சேர்ந்து கூரைக்கடியில் கழிக்க வேண்டும். தன் முறை வராத நேரத்தில் மற்றவர் அவசரப்படுத்தக் கூடாது, வாட்சைப் பார்க்கக் கூடாது. பறவைக்குக் காலையைக் கொடுங்கள், கல்லுக்கு மாலையைக் கொடுங்கள். கல் காத்திருக்கும், பறவை காத்திருக்காது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது, அது சூரியன் நிற்கும் திசை.

திருச்சி, புதுக்கோட்டை வட்டாரம் ஏறத்தாழ பத்தரை பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவாக்கில் ஒரு நாள் உச்சி வெயில் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும், கம்பத்துக்குக்கூட நிழல் விழாது. அன்றிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை இங்கே சூரியன் தென்பக்கம் வருவதே இல்லை. வடகிழக்கே உதித்து, வடக்குச் சாய்வாகவே நகர்ந்து, வடமேற்கே இறங்கும். கிழக்கு மேற்காக ஓடும் கோயில் சுவர்களில் இதன் விளைவைப் பார்க்கலாம். தெற்குச் சுவர், அதாவது தட்சிணாமூர்த்தி இருக்கும் பக்கம், நாள் முழுக்க நிழல். உட்கார வேண்டுமென்றால் அங்கேதான். மார்கழியில் வெயிலே படாத வடக்குச் சுவரில் இப்போது காலையிலும் மாலையிலும் வெளிச்சம் சாய்வாக உரசிக்கொண்டு போகும். கல்வெட்டு படிக்க அந்த உரசல் வெளிச்சம்தான் தேவை. எழுத்தின் ஒரு விளிம்பில் நிழல் தேங்கினால்தான் கண்ணுக்கு எழுத்து தெரியும். வடக்குச் சுவரின் அடிப்பகுதியில் எழுத்து நிறைந்த கோயில்களுக்கு மே மாதம்தான் நல்ல மாதம். கோடையில் கோயில் பார்க்க முடியாது என்று வருடம் முழுக்கத் தள்ளிப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிற வட்டம் நார்த்தாமலை, குடுமியான்மலை, புதுக்கோட்டை, சித்தன்னவாசல். வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பி வர சுமார் 160, 170 கிலோமீட்டர். காரோ இருசக்கர வாகனமோ சொந்தமாக வேண்டும். பேருந்தில் போனால் புதுக்கோட்டை வரை பிரச்சினை இல்லை, அங்கிருந்து ஆட்டோதான். விடியும்போது மலையடியில் இருக்க பேருந்து உதவாது.

காலை 4.45க்குத் திருச்சியை விட்டுவிட வேண்டும். புதுக்கோட்டைச் சாலையில் கீரனூர் தாண்டி வலப்புறம் பிரிந்தால் நார்த்தாமலை, மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர். மே மாதம் சூரிய உதயம் 5.50 வாக்கில். மேலமலை அடிவாரத்தில் 5.40க்கு வண்டியை நிறுத்தினால் போதும். மேலே போகப் பெரிய படிக்கட்டெல்லாம் கிடையாது. சரிவான வெறும் பாறைமேல் நடை, மெதுவாகப் போனாலும் அரை மணி நேரம். நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். ரப்பர் செருப்பு ஏறும்போது சும்மா இருக்கும், இறங்கும்போது சறுக்கும்.

இந்தத் துண்டு பறவைக்காரருடையது. ஆகவே ஏறுகிற வேகத்தை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். அடிவாரத்துப் புதர்க்காட்டிலேயே கால் மணி நேரம் போய்விடும். மயில், கௌதாரி, தவிட்டுக்குருவிக் கூட்டம், கரிச்சான், கம்பியில் வரிசையாகப் பஞ்சுருட்டான். குயில் கூவித் தீர்க்கும், கோடை அதற்கு இனப்பெருக்கக் காலம். வெறுந்தரையாகக் கிடக்கும் பொட்டலில் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்மூக்கு ஆட்காட்டி கூடு என்று எதையும் கட்டாது. சரளைக் கற்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி, அதில் கல்லோடு கல்லாகத் தெரிகிற புள்ளி போட்ட முட்டைகள். பறவை உங்களுக்கு முன்னால் தத்தித் தத்தி ஓடிக் கத்திக்கொண்டே ஒரு பக்கமாக இழுத்தால், முட்டை எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று பொருள். அந்த இடத்திலேயே நின்று, வந்த தடத்திலேயே பின்வாங்க வேண்டும். இந்த வெயிலில் தாய்ப்பறவை சிறிது நேரம் விலகினாலே முட்டை வெந்துபோகிற சூடு. தண்ணீர்க்கரைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிர வைக்கும் பறவை அது. படம் எடுப்பதற்காக அதைக் காத்திருக்க வைப்பது பாவம்.

மேலே விஜயாலய சோழீச்சரம் மேற்குப் பார்த்து நிற்கிறது. வெளியே சதுரம், உள்ளே வட்டமான கருவறை, சுற்றிலும் சிறு கோயில்கள். இதைக் கட்டியவர் சாத்தன் பூதி என்ற இளங்கோ அதியரையர், மழையில் சிதைந்ததைப் பின்னால் மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. எதிரே பாறையில் குடைந்த இரண்டு குகைக் கோயில்கள். ஒன்று பழியிலி ஈச்சரம், இன்னொன்று ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கும் பதினெண்பூமி விண்ணகரம். இரண்டும் கிழக்கைப் பார்க்கின்றன. காலை ஆறரை ஏழு மணிக்கு வெளிச்சம் குகைக்குள் நேராகப் போய் விழும், அந்தத் திருமால்கள்மேல் மஞ்சளாகப் படியும். பறவைக்காரரின் நேரத்தில் கல்லுக்காரருக்குக் கிடைக்கிற உபரி இது. உள்ளே பூட்டியிருந்தால் கம்பி வழியாகத்தான் பார்க்க முடியும், அதற்கு ஒரு டார்ச் வேண்டும். சோழீச்சரத்தின் வாசலில் துவாரபாலகர்கள் காலையில் நிழலில் நிற்பார்கள். அவர்கள் முகத்தைச் சரியாகப் பார்க்க ஒரு மாலை வர வேண்டியிருக்கும், அதை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எட்டேகாலுக்கு இறங்கத் தொடங்க வேண்டும். இங்கே தவறு செய்கிறவர்கள் நிறைய. ஒன்பதரைக்குப் பாறை கொதிக்க ஆரம்பித்துவிடும், மேலே மரநிழல் ஏதும் இல்லை, தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில்தான் கொண்டு வந்திருப்பார்கள். இறங்கும்போது தலை சுற்றினால் கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டி வரக்கூட அந்தச் சரிவில் வசதி கிடையாது. இன்னொன்று, பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் இந்தப் பக்கம் பறவையும் இருக்காது, வண்டி நிறுத்த இடமும் இருக்காது.

காலைச் சாப்பாட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தால் அடிவாரத்து மரத்தடியிலேயே முடித்துவிடலாம். இல்லையென்றால் போகிற வழியில் இட்லி. ஒன்பதே முக்காலுக்குள் குடுமியான்மலை போய்ச் சேர வேண்டும். கோயில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலை நாலுக்குத்தான் மறுபடி. கல்தரையில் வெறுங்காலோடு நடக்க முடிகிற கடைசி நேரமும் பத்தரைதான். கெட்டியான பருத்திக் காலுறை ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நைலான் வேண்டாம், சூட்டில் காலோடு ஒட்டும்.

இங்கே பார்க்க வேண்டியது கோயிலுக்குப் பின்னால், மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டு எழுத்து, பல்லவ கிரந்தம். மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், ஸாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று ஏழு பண்களுக்கு ஏழு பகுதி. சுரங்கள் நாலு நாலாகக் கட்டுக் கட்டாக வெட்டப்பட்டிருக்கின்றன. மொழி வடமொழி, ஆனால் கடைசியில் ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’ என்று தமிழில் ஒரு வரி. பத்து மணி வெயில் பாறைமேல் நேரே விழுந்தால் இந்தப் பொடி எழுத்து சுத்தமாகக் கரைந்துவிடும். ஒருவர் குடையை விரித்துப் பாறைமேல் நிழல் விழுகிற மாதிரிப் பிடிக்க, மற்றவர் டார்ச்சைப் பாறைக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். தனியாக வருகிறவரால் இது முடியாது, இரண்டு பேர் வேண்டும். எழுத்து தெரிய வேண்டும் என்று மாவு, சாக்பீஸ் எதையும் தடவாதீர்கள். தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். பொடி எழுத்துக்குள் புகுந்தால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், தேய்க்கத் தேய்க்க எழுத்தே போய்விடும்.

கல்வெட்டுப் பக்கம் வராதவருக்கு ஒரு வழி சொல்கிறோம். சோழர் காலக் கல்வெட்டு எந்தச் சுவரில் எங்கே தொடங்குகிறது என்று தேடும் வேலையை அவரிடம் கொடுங்கள். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற தொடக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு தரம் காட்டினால் போதும். அடுத்த கோயிலில் அவரே கண்டுபிடித்துவிடுவார். பறவை பார்த்துப் பழகிய கண் ஒரே மாதிரியான பரப்பில் வேறுபாட்டைச் சட்டென்று பிடிக்கும். ‘கோப்பரகேசரி’ (சோழ மன்னரின் பட்டப்பெயர்), ‘யாண்டு’ (ஆட்சியாண்டு) என்ற சொற்களும் புள்ளி இல்லாத மெய்யும் பழகிவிட்டால் பாதி தூரம் வந்தாயிற்று. நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க ஆடு கொடுத்த செய்தி இல்லாத கோயிலே அரிது. ஒரு விளக்குக்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு கொடுத்து, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். இறப்பதற்கு ஈடாகக் குட்டி சேர்ந்துகொண்டே இருப்பதால் எண்ணிக்கை குறையாது, ஆகவே அந்த ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. உயிரினங்களின் எண்ணிக்கை பற்றி யோசிக்கிற பறவைக்காரருக்கு இந்தத் தொடர் உடனே பிடித்துப்போகும்.

பயணத்தைக் கெடுப்பது ஒரு வாக்கியம்: ‘இன்னும் பத்தே நிமிஷம்ங்க.’ அந்தப் பத்து ஒருபோதும் பத்தாக இருப்பதில்லை. நிமிடத்தில் சொல்லாமல் சுவரில் சொல்லிப் பழகுங்கள். ‘இந்த வடக்குச் சுவர் மட்டும்’ என்றால் இருவருக்கும் எல்லை தெரியும். அதே போல் பறவைக்காரரும் ‘அந்த மரம் வரைக்கும்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

குடுமியான்மலையில் பறவைக்காரரின் பைனாகுலர் கல்லுக்காரர் கைக்கு மாற வேண்டும். குன்றின் மேல் பாறையில் ரிஷபத்தில் அமர்ந்த சிவனும் பார்வதியும் நடுவிலிருக்க, அறுபத்துமூவர் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கீழிருந்து வெறுங்கண்ணுக்குக் கோடு மாதிரித் தெரிவார்கள். 8×42 பைனாகுலரில் கூப்பிய கை வரை தெரியும். புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு மீட்டர் தூரத்திலும் குவியம் பிடிக்கிற மாடலாகப் பார்த்து வாங்கினால், மண்டபத்துத் தூண் உச்சியில் இருக்கிற சிற்பத்துக்கும் அதுவே போதும். 10×50 வேண்டாம். கனம் அதிகம், கையும் ஆடும்.

பதினொன்றரைக்குக் கிளம்பினால் 20 கிலோமீட்டர் புதுக்கோட்டை. நடுப்பகலுக்கு இந்த ஊரில் ஓர் அருமையான இடம் உண்டு, திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகம். 1910இல் தொடங்கியது. பாடம் செய்த பறவைகளும் விலங்குகளும், பாறை வகைகள், முதுமக்கள் தாழி, சமண வெண்கலப் படிமங்கள், நாணயங்கள், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இருவரும் தனித்தனியாகச் சுற்றிவிட்டு வாசலில் சந்திக்கலாம், ஒருவரை ஒருவர் இழுக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. பயண நாளை முடிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அருங்காட்சியகம் மூடியிருந்தால் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை போக்கிடம் இல்லை. அந்த நேரத்தைக் காருக்குள் ஏசி போட்டுக் கழித்தால், மாலையில் இருவருக்கும் தலைவலிதான் மிச்சம்.

மதியச் சாப்பாடு லேசாக இருக்கட்டும். புதுக்கோட்டையின் முட்டை மாஸ் புகழ்பெற்றது, ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு மூன்றரைக்குப் பாறை ஏறுவது சரிப்படாது. கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்கள் தயிர்சாதத்தைப் பால் ஊற்றிக் கிளற வேண்டும். ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காய்ச்சிய பால் இரண்டரை டம்ளர் விட்டுப் பிசைந்து, இரண்டே ஸ்பூன் தயிர் சேர்த்து, உப்பும் தாளிதமும் போட்டு மூடினால் நண்பகலுக்குள் தானே தயிர்சாதமாகியிருக்கும். சூடு ஆறுமுன் தயிர் விட்டால் திரிந்து தண்ணீராகப் பிரியும். முழுக்கத் தயிராகப் பிசைந்தால் பதினொரு மணிக்கே புளித்துப்போகும். பச்சை வெங்காயம் சேர்க்காதீர்கள், மே மாதச் சூட்டில் ஆறு மணி நேரத்தில் வாடை வந்துவிடும்.

வண்டியைப் புளியமரத்தடியில் விடுவதானால் மரத்துக்குத் தென்கிழக்கே விடுங்கள். பன்னிரண்டு மணிக்கு நிழலாக இருக்கும் மேற்குப் பக்கம் இரண்டு மணிக்கு முழு வெயிலில் கிடக்கும்.

மூன்று மணிக்கு அங்கிருந்து எழுந்தால் மூன்றரைக்குச் சித்தன்னவாசல், 16 கிலோமீட்டர். இனிமேல் நேரம் கல்லுக்காரருடையது. மூன்றரைக்கா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். காரணம் இரண்டு. மாலை ஐந்துக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள் என்று வைத்துத் திட்டமிடுவதுதான் பாதுகாப்பு. அடுத்தது வெயிலின் திசை. ஏழடிப்பட்டம் குன்றின் கிழக்குப் பக்கம் இருக்கிற இயற்கைக் குகை. காலையில் அதற்குள் வெயில் அடிக்கும், பிற்பகலில் முழு நிழல். ஆனால் ஏறுகிற வழி வெயிலில்தான். இரும்புக் கைப்பிடி கொதித்துக்கொண்டிருக்கும், வெறுங்கையால் பிடித்தால் சட்டென்று விட்டுவிடுவீர்கள், விழுவது அப்படித்தான். ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு பிடியுங்கள்.

உள்ளே பதினேழு கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணைபோல மேடு. சமணத் துறவிகள் உண்ணாநோன்பு இருந்த இடம். வழவழவென்று தேய்த்த கல் அந்த நேரத்திலும் ஓரளவு குளிர்ச்சியாகவே இருக்கும். பெரிய படுக்கையை ஒட்டித் தமிழ் பிராமிக் கல்வெட்டு. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காகச் செய்து கொடுத்த படுக்கை என்பது செய்தி. குகை வாயிலில் இருந்து கிழக்கே பார்த்தால் சமவெளி முழுக்கத் தெரியும். பறவைக்காரர் அங்கேயே உட்கார்ந்துகொள்ளட்டும். பனை உழவாரன்களும், சில நாள் வல்லூறும், பார்வை மட்டத்திலேயே பறக்கும். அண்ணாந்து பார்க்காமல் அவற்றின் முதுகைப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு.

நாலரைக்கு இறங்கினால் அறிவர் கோயில், பாறையில் குடைந்த சமணக் கோயில். இது மேற்குப் பார்த்தது, வெயில் தாழத் தாழ வெளிச்சம் உள்ளே ஏறும். முன்மண்டபத் தூண்கள் குடுமியான்மலையிலிருந்து கொண்டு வந்து புதுக்கோட்டை சமஸ்தானக் காலத்தில் நிறுத்தப்பட்டவை. காலையில் பார்த்த மண்டபங்களின் சாயல் இதில் தெரிவது அதனால்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததைப் பக்கத்துக் கல்வெட்டு சொல்கிறது. விதானத்தில் தாமரைக் குளம். பூப்பறிக்கும் ஆட்கள், யானை, எருமை, மீன், பறவை. பறவைக்காரருக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. அந்தக் குளத்தில் இருக்கும் பறவைகளை எண்ணி, கழுத்தும் அலகும் பார்த்து எதுவாக இருக்கும் என்று சொல்ல வேண்டும். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் ஆகும். வெயிலிலிருந்து நேராக உள்ளே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று வெளியேறுகிறவர்கள்தான் அதிகம். ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. கீழ்ப்பகுதி ஓவியமெல்லாம் எப்போதோ போய்விட்டது. கருவறைக்குள் நின்று வாயை மூடிக்கொண்டு மெல்ல ‘ம்ம்’ என்று இழுத்தால் அறை முழுக்க அதிரும், அதை இருவரும் சேர்ந்து செய்து பாருங்கள்.

ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஒரு மணி நேரம் வெளிச்சம் பாக்கி. அன்னவாசல் பக்கம் தண்ணீர் கிடக்கிற ஏதாவது ஒரு கண்மாய்க்கரைக்குப் போங்கள். மே மாதம் நீர் சுருங்கி நடுவில் குட்டையாகத் தேங்கியிருக்கும், மீன் அத்தனையும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் அங்கேதான். மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்க்க வேண்டும், வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் அடைய வரும் பறவைகளை இருட்டும்வரை எண்ணலாம். ஒரு எச்சரிக்கை: இதே மாதங்களில்தான் ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா. ஊரே வலையும் கூடையுமாகக் குளத்தில் இறங்கும், பறவை ஒன்று இருக்காது. அது பார்க்கவே தனி அழகு, ஆனால் பறவைக்காரருக்கு அன்று வேறு கண்மாய் தேவை. போகிற வழியில் டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இருட்டிய பிறகு கரைப்புல்லில் நடக்கும்போது காலுக்கு முன்னால் டார்ச் இருக்க வேண்டும், பாம்பு நடமாடும் நேரம்.

திருமயத்தையும் இதே நாளில் சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள். புதுக்கோட்டைக்குத் தெற்கே இன்னும் 20 கிலோமீட்டர், போய் வந்தால் மாலைத் துண்டு முழுக்கச் செத்துப்போகும். 1687இல் கட்டிய கோட்டையும், ஒரே பாறையில் சிவனுக்கும் திருமாலுக்கும் குடைந்த கோயில்களும் தனியாக ஒரு நாளுக்கு உரியவை. 13ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு கோயில்களுக்கும் சொத்து வழக்கு முற்றி, ஹொய்சாளத் தளபதி ஒருவர் வந்து பங்கு பிரித்து நடுவே சுவர் எழுப்பித் தீர்த்து வைத்தார். அந்தத் தீர்ப்பும் கல்லில் இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு இது. ஆளுக்கு நான்கு லிட்டர், அதில் ஒன்றரை லிட்டரை முந்தின இரவே முக்கால் பாட்டில் நிரப்பி உறைய வையுங்கள், முழுக்க நிரப்பினால் பாட்டில் வெடிக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு இரண்டு. ஒரு லிட்டருக்கான பொட்டலமா 200 மில்லிக்கானதா என்று படித்துப் பார்த்துக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கானதை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பு அதிகமாகி நிலைமை மோசமாகும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. வழியில் நுங்கு, இளநீர் தாராளமாகச் சாப்பிடலாம். பதநீர் விடிகாலையில் மட்டும், வெயில் ஏறினால் நுரைத்துக் கள்ளாக மாறத் தொடங்கிவிடும். காலையிலிருந்து மதியம்வரை சிறுநீர் போகவில்லை, தலை இடிக்கிறது, வியர்வை நின்றுவிட்டது என்று இருவரில் யாருக்கு வந்தாலும் பயணம் அங்கேயே முடிந்தது என்று அர்த்தம். ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புதுக்கோட்டை வட்டம் ஏப்ரலுக்கும் மேக்கும். ஜூன் பாதிக்குமேல் அடுத்த பயணம் கல்லணை, திருவையாறு, புள்ளமங்கை. அங்கே நாளைத் தீர்மானிப்பது காவிரி. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12, அணையில் தண்ணீர் இருந்தால். அங்கிருந்து தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அதற்கு முன்னால் போனால் காவிரி வெறும் மணல்தான். ஆகவே ஜூன் மூன்றாம் வாரம் போங்கள், அதுவும் கல்லணை திறந்த செய்தி வந்த பிறகு. காலைத் துண்டு ஆற்றுக்கரைக்கு. புதுத் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடித்துச் செங்குத்தாக விழுவதை மதகுக்குக் கீழே பார்க்கலாம். ஆனால் அதே இடத்தில் மனிதர் இறங்கக் கூடாது. மதகுக்குக் கீழே நீர் சுழன்று அடியில் இழுக்கும், மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. குளிக்கத்தான் வேண்டும் என்றால் திருவையாற்றுப் படித்துறையில், ஊர்க்காரர்கள் குளிக்கும் படியில், இடுப்பளவு நீரில்.

கோவிலடி வழியாக ஆற்றோரச் சாலையில் வந்து, நடுப்பகலைத் திருவையாற்றில் கழித்து, பாசிப்பருப்பு அசோகா அல்வா ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, நாலரைக்குப் பசுபதிகோயில் அருகே புள்ளமங்கை. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கோயில். அடித்தளத்தில் சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிறு சிறு சிற்பப் பலகைகள், இராமாயணக் காட்சிகளும் சிவபுராணமும். விரல்நுனி அளவு முகத்தில் கோபம் தெரியும். வடக்குப் பக்கத்தை முதலில் பாருங்கள், இந்த மாதத்தில் மாலை வெயில் அந்தப் பக்கம்தான் உரசி வரும். தெற்குப் பக்கத்துக்கு டார்ச்சை இடப்புறமிருந்து ஒரு தடவை, வலப்புறமிருந்து ஒரு தடவை அடித்துப் பாருங்கள். இரண்டு தடவையும் வேறு வேறு உருவம் எழுந்து வரும். குனிந்து குனிந்து பார்ப்பதில் இடுப்பு விட்டுப்போகும், அதனால் மடக்கி எடுத்துப் போகிற சின்ன முக்காலி ஒன்று வண்டியில் கிடக்கட்டும்.